குதிரையும் பாட்டு வகுப்பும்

மாதம் 3,000 ரூபாய் கொடுத்துக் குழந்தைக்கு ஆன்லைனில் செஸ் சொல்லி வைப்பது தகுமா? உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். 2024 டிசம்பரில் சென்னைப் பிள்ளை குகேஷ் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனாலும் ஆனார், வீட்டுக்கு வீடு சதுரங்கப் பேச்சுத்தான்!

என் 9 வயது மகளும் கேட்டாள். பத்திரிகைச் சம்பளத்தில் 3,000 ரூபாய் என்றால் அவளுடைய பாட்டு வகுப்பை நிறுத்தியாக வேண்டும். ஆகவே யோசித்தேன்.

விசுவநாதன் ஆனந்துக்கு 6 வயதில் ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாயார்தான். காய் நகர்த்தச் சொல்லித் தர நம்மால் ஆகாதா, என்ன? அதற்கு மேல், நன்கொடையில் நடக்கும் 'லிசெஸ்' தளத்தில் புதிர்களும் ஆட்ட அலசலும் காலணாச் செலவில்லாமல் கிடைக்கின்றன. விளம்பரத் தொல்லையும் இல்லை. "மூன்று மாதம் இது போதும். தினம் பத்துப் புதிர் போடு. தோற்ற ஆட்டங்களை நோட்டில் எழுதி வை" என்றேன்.

மூன்றாம் மாதம் நோட்டோடு வந்து நின்றாள். "அம்மா, குதிரையை இங்கே வைத்தது தப்பு என்று மெஷின் சொல்கிறது. நான் ஏன் எப்போதும் இதே தப்பைச் செய்கிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறதே!"

அந்தக் கேள்விக்குத்தான், சகோதரிகளே, காசு கொடுக்க வேண்டும். இருபது குழந்தைகளை உட்கார வைத்து ஒரே பாடத்தை ஒப்பிக்கும் வகுப்புக்கு அல்ல. குழந்தையின் நோட்டைப் புரட்டிப் பார்க்கிற ஆசிரியருக்கு. மாதம் இரண்டே பாடம், 1,000 ரூபாய் என்று பேசி முடித்தேன். பாட்டு வகுப்பும் நடக்கிறது.

உங்கள் குழந்தைக்குக் கேள்வி பிறந்துவிட்டதா? பர்ஸைத் திறவுங்கள். இன்னும் இல்லையா? பலகையை விரித்து நீங்களே எதிரில் உட்காருங்கள்!