துரினி கணவாயில் நொடிக் கணக்கு

உல்லாசப் படகுகளும் சூதாட்ட மாளிகையுமாக மினுக்கும் மொனாக்கோவிலிருந்து வடக்கே மலையேறினால், சோஸ்பெல் என்ற சிற்றூரைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. கடல் மறைகிறது, காடு நெருங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளாகச் சுருண்டு ஏறும் சாலை 1,607 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்குகிறது. அங்கே சில ஹோட்டல்கள், பல திசைகளுக்குப் பிரியும் சாலைகள். தென்கிழக்கு பிரான்சின் துரினி கணவாய் இதுதான். கோடையில் வருபவர்கள் காபி குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். ஜனவரி இரவில் கதையே வேறு.

1911ல் தொடங்கிய மாண்டி கார்லோ கார் ராலியின் புகழ்பெற்ற மலைப்பாதை இது. 1964ல் பாடி ஹாப்கிர்க்கும் அவரது வழிகாட்டி ஹென்றி லிட்டனும் குட்டி மினி கூப்பரில் வந்து பெரிய கார்களைத் தலைகுனிய வைத்தது இந்த ராலியில்தான். அந்தக் காலத்து ரகக் கார்களுக்கென்றே இன்று தனி ராலி நடக்கிறது. அதுவும் துரினியைத் தேடி வருவது வழக்கம்.

ஆனால் இதில் முந்துபவருக்குப் பரிசில்லை. அமைப்பாளர்கள் சொல்லும் சராசரி வேகத்தைப் பிசகாமல் காப்பாற்ற வேண்டும். மணிக்கு 45 கி.மீ. என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 80 நொடி. தாமதித்தாலும் தண்டனை, அவசரப்பட்டாலும் தண்டனை. எந்த வளைவில் நேரம் குறிக்கிறார்கள் என்பது ரகசியம்.

எனவே ஸ்டியரிங்குக்கு இணையான முக்கியத்துவம், பக்கத்து இருக்கைக்காரர் முன்னால் இருக்கும் கருவிகளுக்கு. அவற்றில் பெயர்பெற்றது ஸ்வீடனின் ஹால்டா. டாக்ஸி மீட்டருக்குப் பேர்போன நிறுவனம் அது. தூரத்தை அளக்கும் அதே வித்தையை ராலிக்கும் கொண்டுவந்தது. அதன் ட்வின்மாஸ்டரில் இரண்டு தூர எண்ணிகள்: ஒன்று மொத்த தூரத்துக்கு, மற்றது அடுத்த திருப்பத்துக்கு. ஸ்பீட்பைலட் இன்னும் சாமர்த்தியசாலி. அதன் கடிகார முகத்தில் வழக்கமான முள் நேரத்தைக் காட்டும். சக்கர ஓட்டத்தால் நகரும் இன்னொரு முள், குறித்த சராசரியில் வந்திருந்தால் இப்போது மணி என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நின்றால் கணக்கு சரி.

ஏலங்களிலும் பழைய சாமான் சந்தைகளிலும் கிடைக்கும் இந்தப் பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் கெட்டிப்பட்ட கிரீஸும் தேய்ந்த பற்சக்கரங்களும்தான். துடைத்து, எண்ணெயிட்டு, ஓடவைப்பது பாதி வேலை. மீதி, காருக்குப் பொருத்துவது. ஸ்பீடாமீட்டர் கேபிளில் ஒரு கிளை எடுத்துக் கருவிக்கு இணைக்கிறார்கள். கேபிளை அதிகம் வளைத்தால் ஓட்டம் குதிக்கும். பிறகு, அளந்து வைத்த சாலையில் ஓட்டிப் பார்த்து, டயரின் சுற்றளவுக்கு ஏற்ற ஜோடிப் பற்சக்கரங்களை உள்ளே மாட்ட வேண்டும். ஒரு சதவீதம் பிசகினால் 20 கி.மீ.யில் 200 மீட்டர் தப்பு. 45 கி.மீ. வேகத்தில் அது 16 நொடி. ஆட்டோ மீட்டருக்கு 'சூடு' வைத்தால் பயணிக்கு நஷ்டம். இங்கே சொந்தக் காசில் சூடு வைத்துக்கொள்வது போல.

அதோடு முடிவதில்லை. பனி டயர் மாட்டினால் சுற்றளவு மாறும், கணக்கும் மாறும். துரினியின் உறைபனியில் சக்கரம் வழுக்கிச் சுழன்றால், போகாத தூரத்தையும் போனதாக மீட்டர் எண்ணும். அதனால் இன்ஜின் விசை போகாத சக்கரத்திலிருந்து கேபிள் எடுப்பவர்களும் உண்டு.

கருவி சரியாக இருந்தால் போதாது, படிக்கவும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஜாக் ஹொயர் 1958ல் ஒரு ராலியில் வழிகாட்டியாகப் போனார். தங்கள் நிறுவனமே தயாரித்த ஆட்டாவியா நேரமானியை ஒரு நிமிடம் தவறாகப் படித்தார். கைக்கு வந்த முதலிடம் போய், கிடைத்தது மூன்றாமிடம். குலுங்கும் காரிலும் தெளிவாகப் படிக்கும்படி அவர் கொண்டுவந்த புதிய கருவிக்கு வைத்த பெயர், மாண்டி கார்லோ.

இந்தப் பழைய முகங்களில் ஒரு வில்லங்கமும் உண்டு. இருட்டில் ஒளிர்வதற்காக அக்காலத்தில் பல கருவிகளில் பூசியது ரேடியம். ஒளி எப்போதோ மங்கிவிட்டது, கதிரியக்கம் மங்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறந்து சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். விவரம் தெரிந்தவர்கள் அதற்கான பாதுகாப்பில்லாமல் கை வைப்பதில்லை. சேகரிப்பாளர்களோ வேறு காரணத்துக்காகத் தடுக்கிறார்கள்: பூச்சை மாற்றினால் விலை விழும். விளைவு, ராலிக்குப் பிறந்த கருவிகளில் பல அலமாரியில் உட்கார்ந்துவிட்டன.

அலமாரியில் அழகு உண்டு, வேலை இல்லை. துரினியில் ஏறுவதைவிட லா பொலென்-வெசுபி பக்கமாக இறங்குவது கடினம். வெயில் படாத வளைவுகளில் பனிக்கட்டி. பிரேக் போட்டால் நொடிகள் நழுவும், போடாவிட்டால் கார் நழுவும். சிறு விளக்கின் வெளிச்சத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து வரும் குரல் "நாலு நொடி பின்னால்" என்கிறது. பழுதுபார்த்த பற்சக்கரங்களை நம்பித்தான் ஓட்டுநர் அடுத்த வளைவில் காலை அழுத்துகிறார்.