அம்மம்மாவுக்கு வசனம் கேட்கணும்

ஸ்பீக்கர் கடையில் முதலில் போட்டுக்காட்டுவது எப்பவும் ஒரு சண்டைக்காட்சிதான். மேசை அதிரும், நாங்களும் விலை கேட்போம். ஆனால் படத்தில் முக்கால்வாசி நேரம் ஆட்கள் கதைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அது விளங்குமா என்று ஒருத்தரும் போட்டுக்காட்டுவதில்லை.

வந்தாறுமூலையிலிருந்து பஸ் ஏறி, சனிக்கிழமைகளில் கல்லடியில் நண்பன் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் படம் பார்ப்போம். அவனுடைய அம்மம்மாவும் கூட இருப்பா. கொஞ்ச நாளாகப் பாதியில் எழும்பிப் போகத் தொடங்கினா. "என்ன மனே கதைக்கிறான் அவன்?" என்று இரண்டு தரம் கேட்பா, மூன்றாம் தரம் கேட்கமாட்டா. அந்தக் கேட்காத மூன்றாம் தரம்தான் எங்களுக்குச் சுட்டது.

மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்தபடி இருக்கும். காசு சேர்த்து, பாவித்த 5.1 செட் ஒன்று எடுத்தோம். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். வசனத்தின் பெரும்பகுதி வருவது நடு ஸ்பீக்கரில். முன்னால் இரண்டு மட்டும் இருந்தால், நடுவில் இருப்பவருக்குத்தான் குரல் திரையிலிருந்து வரும். ஓரத்தில் இருப்பவருக்குக் கிட்ட உள்ள ஸ்பீக்கரிலிருந்து வரும். அம்மம்மாவின் கதிரையோ கதவோரம். (மாத்தி வைக்கச் சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் துணிவில்லை.) அதனால் நடு ஸ்பீக்கருக்குத்தான் முதல் மரியாதை. தட்டுக்குள் ஒளிக்காமல் விளிம்புக்கு இழுத்து, அடியில் அழிறப்பர் கொடுத்து, காதைப் பார்க்க நிமிர்த்தினோம். ரிசீவரில் அதை மட்டும் 3 டெசிபல் கூட்டினோம். முன் இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை, பின் இரண்டும் 110 பாகை.

சப்வூஃபரை மூலைக்குள் தள்ளினால் குமுறும், குமுறல் குரலை விழுங்கும். இதுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. அதை நாங்கள் இருக்கிற இடத்தில் வைத்துவிட்டு, அறையைச் சுற்றித் தவழ வேணும்; எங்கே தெளிவாகக் கேட்குதோ அங்கே கொண்டுபோய் வைக்க வேணும். கலைப்பீடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் தவழ்வதை அம்மம்மா இடைவேளை இல்லாமல் பார்த்தா.

பிறகு வீடு. டைல்ஸ் தரை, வெறும் சீமெந்துச் சுவர். ஒலி பட்டுத் திரும்பி அடுத்த சொல்லை மிதிக்கும். பூரணை இரவில் பாடும்மீனைக் கேட்க, வள்ளத்திலிருந்து துடுப்பை வாவிக்குள் விட்டு மறுமுனையில் காது வைப்பார்களே, அதுவும் இந்தக் கணக்குத்தான்: நீருக்குள் இருக்கிற ஒலி மேற்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடும், துடுப்பு அதுக்கு வழி விடும். எங்களுக்கு வேண்டியது திரும்புவதைக் குடிக்கிற ஒன்று. பன்பாய் மட்டும் போதவில்லை, மேலே பஞ்சு மெத்தை போட்டோம். தடித்த திரைச்சீலை, பின்சுவரில் புத்தக அலுமாரி. (கோட்பாட்டுப் புத்தகங்களுக்கு இப்படியும் ஒரு பயன்.)

மூன்றாவது சனிக்கிழமை அம்மம்மா கடைசி வரை இருந்தா. நடுவில் ஒருதரம் சொன்னா, "சத்தத்தைக் கொஞ்சம் குறை மனே."

கார்த்திகை, மார்கழி மழை தகரத்தில் கொட்டும்போது மட்டும் எந்த ஸ்பீக்கராலும் ஏலாது. அப்போது படத்தை நிறுத்திப் பிளேன்டீ குடிக்கிறோம். கதையில் அதுவரை என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்வது இப்போது அம்மம்மாதான்.