வலி வர்ற வழி

வாசக்கால்ல கால் கட்டைவிரலை இடிச்சுக்காதவங்க யாராவது இருக்கீங்களா மக்களே? இடிச்ச உடனே 'சுருக்'னு ஒண்ணு. அது அடங்குறதுக்குள்ள 'விண் விண்'னு இன்னொண்ணு வந்து உயிரை எடுக்கும். ஒரே இடி, ரெண்டு வலி!

காரணம், ரெண்டுக்கும் ஒயர் வேற. நரம்புங்கிறது மெல்லிய இழைங்க நிறைய சேர்ந்த கேபிள் மாதிரி. முதல் வலியைத் தூக்கிட்டுப் போறது 'ஏ-டெல்டா' இழை. மேல மயலின்னு மெல்லிசா கொழுப்பு உறை இருக்கும், நொடிக்கு 5லிருந்து 30 மீட்டர் ஓடும். ரெண்டாவது, உறையே இல்லாத 'சி' இழை. நொடிக்கு அரை மீட்டர்லேர்ந்து 2 மீட்டர்தான். கால்விரல்லேர்ந்து முதுகுத்தண்டு வரைக்கும் சுமாரா ஒரு மீட்டர், நீங்களே கணக்கு போட்டுக்கங்க :) தொடு உணர்ச்சிக்கு 'ஏ-பீட்டா', தசையை அசைக்க 'ஏ-ஆல்ஃபா'. அதெல்லாம் எக்ஸ்பிரஸ் ரகம். இழைக்கு இழை வேலை வேறன்னு கண்டுபிடிச்ச எர்லாங்கர், காஸர் ரெண்டு பேருக்கும் 1944ல நோபல் பரிசு கிடைச்சுது.

சரி, இந்த ஒயர் அறுந்து போனா? வலியே இல்லாத வாழ்க்கை, சூப்பர்தானேன்னு தோணும். கொல்லிமலையில பொறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு ஊரே நம்பின காலம். அவர் கவனிச்சுப் பார்த்தா, கிருமி நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துடுது. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாம, புண்ணு மேல புண்ணா ஆகித்தான் விரல் போகுது. பிற்பாடு அமெரிக்காவுல, கையுறையில சென்சார் வெச்சு செயற்கை வலி உண்டாக்கப் பார்த்தார். பலிக்கலை. அலாரம் அடிச்சா ஆளுங்க சட்டை பண்ணலை, இல்லை அணைச்சுட்டாங்க. நாம ஆபீஸ்ல அலர்ட் மெயிலை தனி ஃபோல்டருக்குத் தள்ளுற மாதிரிதான்!

சர்க்கரை வியாதியும் இதே வேலையைத்தான் செய்யுது. நீளமான நரம்புதான் முதல்ல அடி வாங்கும், அதனால பாதம். உறுவையாறுல எங்கப்பா காலுல கருவேல முள் ஒடிஞ்சு மூணு நாள் உள்ளயே இருந்திருக்கு. மனுஷன் வயலுக்கும் வீட்டுக்கும் நடந்துட்டே இருந்தார். பாயில சீழ்க் கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. டாக்டர் நைலான் இழையால பாதத்துல அழுத்தி அழுத்திக் கேட்டார். பாதி இடத்துல "தெரியலையே"ன்னார் அப்பா.

எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தேன். தொழுநோயாளிகளுக்காக வேலூர்ப் பக்கம் உருவான அதே மெத்துச் செருப்பு. "நெலத்துல செருப்போட எறங்குறதாடா?"ன்னு ஒரே சண்டை. "வலிச்சா நான் சொல்ல மாட்டனா?"ன்னு வேற. கடைசியில வரப்பு வரைக்கும் செருப்பு, சாயங்காலம் காலைக் கழுவினதும் அம்மா டார்ச் அடிச்சுப் பார்க்கணும்னு ஒப்பந்தம் ஆச்சு. சேத்துல வெறுங்கால்தான் இன்னமும். அங்க நான் தோத்துட்டேன்.

உங்க வீட்டுல சர்க்கரைக்காரங்க இருந்தா, வலிக்குதான்னு மட்டும் கேக்காதீங்க. இல்லைன்னுதான் சொல்வாங்க, பொய்யும் இல்லை அது. பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்குல ஒரு தடவை பார்த்துடுங்க.