தலையை இறுக்கும் வலி

தலைவலியை அரபு மொழி 'ஸுதாஉ' என்கிறது. பிளத்தல் எனும் பொருளுடைய வேரினின்று பிறந்த சொல் அது. ஒற்றைத் தலைவலிக்கு 'ஷகீகா' எனத் தனிப்பெயரே உண்டு. தமிழோ தலையிடி என்றும் மண்டைக்குத்து என்றும் வழங்குகிறது. நம்மைப் பல்லாண்டுகளாகத் தொடரும் வலியோ பிளப்பதுமில்லை, இடிப்பதுமில்லை. ஈரத் துணியை முறுக்கி நெற்றியைச் சுற்றிக் கட்டியது போன்று இருபுறமும் இறுக்கும். வாந்தி இராது, நடமாடினால் மிகுவதுமில்லை. அரைமணியில் அகன்றாலும் அகலும், ஏழு நாள் தங்கினாலும் தங்கும்.

தேர்வுக் காலத்தில் விடைத்தாள் கட்டின்மீது கவிழ்ந்திருக்கையில் இது தவறாது வந்து சேரும். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். குனிந்தாலோ பிடரித் தசைகள் அதை ஓயாது இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ரிஹாலைச் சற்று உயரமான பலகைமீது ஏற்றி வைத்த பின்னர் நமக்கு வலியின் வருகை பாதியாகக் குறைந்தது. கைப்பேசியில் முகம் புதைக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதனையே சொல்லி வருகிறோம், கேட்பாரில்லை.

வலி தொடங்கியதும் கைகளைத் தலைக்குப் பின்னே கோத்து, மண்டையோட்டின் அடிவிளிம்பில் நடுவெலும்பின் இருபுறமும் உள்ள பள்ளங்களில் கட்டைவிரல்களைப் பதித்து, அரை நிமிடம் மெல்ல அழுத்தி மூச்சை நெடிதாக விடுவோம். பின்பு தோள்மேட்டைப் பிசைவோம். பொட்டிலும் தாடை மூட்டிலும் விரல் நுனியால் வட்டமிடுவோம். சினத்தை அடக்கிப் பல்லைக் கடிக்கும் ஆசிரியர்க்குத் தாடைதான் முதலில் இறுகும். வெந்நீரில் பிழிந்த துண்டைப் பிடரியில் இட்டால் இதமாயிருக்கும். தொண்டையின் பக்கத்தே நாடி துடிக்கும் இடத்தை அழுத்தலாகாது. முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிக்கவும் இடங்கொடுக்கலாகாது. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேரக்கூடும்.

நம் லாத்தா நாள்தோறும் மாத்திரை விழுங்கி வந்தார். "தம்பி, அது இல்லாட்டி எனக்குப் பொழுது விடியாது" என்பார். சாதாரண வலி மாத்திரையே ஆயினும், மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் உண்டுவந்தால் அதுவே வலியைப் பிறப்பிக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அவர் சொற்படி நிறுத்தியபோது முதல் சில நாட்கள் லாத்தா பட்ட பாடு கொஞ்சமன்று. பேரப்பிள்ளைகள் முறை வைத்துப் பிடரி பிடித்துவிட்டனர். இப்போது மாத்திரை எப்போதேனும் ஒன்றுதான்.

இடி விழுந்தாற்போல் திடீரென எழும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், நாக்குழறல், கைகால் தளர்ச்சி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, ஐம்பதைக் கடந்தபின் புதிதாய்த் தோன்றும் வலி ஆகியவற்றுக்குப் பிடித்துவிடுதல் மருந்தன்று. உடனே மருத்துவமனைக்கு ஏக வேண்டும்.

ரமலானின் முதல் நாட்களில் பலருக்கும் நண்பகலில் தலை கனப்பதற்குப் பசியைவிடக் காலைத் தேநீர் நின்றுபோவதே பெரும்பாலும் காரணம். ஆகவே நம் இல்லத்தார் ஷஃபான் பாதி கடந்ததும் தேநீர்க் குவளையைச் சிறிதாக்கி விடுகிறார். நாம் முணுமுணுத்துக்கொண்டே பருகுகிறோம்.