இடுப்பு முந்தட்டும்!

இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கொரியரின் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. கொரியாவும் ஜப்பானும் பேஸ்பால் பித்துக் கொண்ட நாடுகள். கார்கள் வந்தன, அந்த ஆட்டம் மட்டும் எங்கள் ஊர்த் திடலுக்கு வரவில்லை! அதன் மட்டை வீச்சையாவது கற்பிப்போமே என்று, மண்வெட்டிக் காம்பும் டென்னிஸ் பந்தும் கொண்டு ஞாயிறுதோறும் சிறுவர் சிலரைத் திரட்டினேன்.

கிரிக்கெட் மட்டை நாலேகால் அங்குல அகலம், தட்டை. பேஸ்பால் மட்டையோ உருளை. மிகப் பருத்த இடமே 2.61 அங்குலந்தான். பந்து தரையில் படாமலே, 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து அரை நொடிக்குள் வந்துவிடும். வெறும் கைவலிமை என்ன செய்யும்? 1941-இல் .406 சராசரி கண்ட டெட் வில்லியம்ஸ், இடுப்பு முதலில் திரும்ப வேண்டும், கை பின்தொடர வேண்டும் என்றார். பின்னங்கால் நுனியோ, பீடித் துண்டை நசுக்குவதுபோல் திரும்ப வேண்டும். (உவமையை ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!)

எவ்வளவு சொல்லியும் பிள்ளைகள் கையைத்தான் ஓங்கினார்கள். பந்து பொறுக்க மட்டுமே அழைக்கப்படும் ஒல்லிப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்பா லாரியில மூட்டை வீசுற மாதிரியாண்ணா?"

அதேதான்!

மூன்றாம் ஞாயிறன்று அவன் அடித்த பந்து மனைக்கற்களைத் தாண்டி முள்வேலிக்குள் விழுந்தது. அதை எடுக்க அவனை எவரும் அனுப்பவில்லை.