காருக்குப் பின்னால் ஒரு சைக்கிள்

திருத்தணி என்றால் முருகன், மலை, 365 படிகள், ஆடிக் கிருத்திகைக் காவடி... வெளியூர்க்காரர்களுக்கு இவ்வளவுதான் நினைவுக்கு வரும். அந்த ஊரிலிருந்து ஒரே ஒரு சைக்கிளை ஆவடிக்குக் கொண்டுபோக ஒரு குடும்பம் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டது. ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று கேட்காதீர்கள். இதில் கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் சட்டம், நிறையக் கயிறு எல்லாம் இருக்கிறது.

முதலில் சைக்கிள் யாருடையது என்று சொல்லிவிடலாம். பிளஸ் ஒன் படிக்கும்போது அந்தப் பெண்ணுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் அது. இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு 2005-06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. இரண்டு வருடம் வெயிலிலும் மழையிலும் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி. இப்போது ஆவடியில் கல்லூரி. தோழிகளோடு எடுத்த அறையிலிருந்து கல்லூரிக்கு நாலு கிலோமீட்டர். தினமும் இரண்டு வேளை ஷேர் ஆட்டோ என்றால் மாதக் கடைசியில் சாப்பாட்டுக் காசில் கை வைக்க வேண்டிவரும். புது சைக்கிள் வாங்கலாம் என்றால், முதல் செமஸ்டர் பணம் கட்டி முடித்த கையோடு அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க முடியாது.

மாமாவிடம் ஒரு ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. “கவலைப்படாதே பாப்பா, கார் பின்னாடி மாட்டுற ரேக் ஒண்ணு வாங்கிடலாம். நாலாயிரத்துச் சொச்சம்தான். நாளைக்கு நம்ம பசங்க சைக்கிளுக்கும் ஆகும்” என்றார். அவருக்கு இந்த ஆசை புதிதில்லை. அமெரிக்காவில் இருக்கும் சின்ன மாமா அனுப்பிய ஒரு போட்டோவில் தொடங்கியது. பெரிய வண்டி, அதன் பின்னால் சக்கரம் வைத்த ஒரு வீடு, அந்த வீட்டின் முதுகில் நாலு சைக்கிள். டிராவல் டிரெய்லராம். திருத்தணியில் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிக்கொண்டு போவதுதான். வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பார்த்து மாமா அசந்துபோய்விட்டார்.

சரி, அனுபவஸ்தரையே கேட்போம் என்று சின்ன மாமாவுக்குப் போன் போட்டார்கள். அவர் சொன்னது வேறு கதை.

அந்தப் போட்டோ எடுத்த மறுநாளே ரேக் தொங்கிவிட்டதாம். டிரெய்லரின் பின்பக்க பம்பர் பெரும்பாலும் மெல்லிய தகட்டாலான சதுரக் குழாய். கழிவுநீர்க் குழாயை உள்ளே சுருட்டி வைத்துக்கொள்ளத்தான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அதில் நாலு சைக்கிளை மாட்டினால் வெல்டிங் தாங்காது. கார்களுக்கென்று செய்யும் பல ரேக்குகளின் கையேட்டிலேயே ‘டிரெய்லரின் பின்னால் மாட்டாதீர்கள்’ என்று போட்டிருக்கும். இவர் அதைப் படிக்கவில்லை. (நம்மில் யார்தான் கையேடு படிக்கிறோம்?)

பம்பர் தாங்கினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிரெய்லரை ஒரு ஏற்றப்பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அதன் அச்சு. முன்முனை இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியை அழுத்த வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இரண்டாயிரம் கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு நாலு மீட்டர், அச்சிலிருந்து பின்னால் ரேக் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேக்கும் சைக்கிள்களும் சேர்ந்து 80 கிலோ இருந்தால், கொக்கியின் அழுத்தத்தில் 60 கிலோ குறைந்துவிடும். முன்பக்கம் லேசானால் டிரெய்லர் மாட்டுவால் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். வேகமாகப் போகும்போது அந்த ஆட்டம் பிடித்தால் இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் சைக்கிளை டிரெய்லரின் முன்முனைச் சட்டத்தில் மாட்டுவார்கள், அல்லது இழுக்கும் வண்டியிலேயே ஏற்றிவிடுவார்கள்.

“இப்ப நீங்க எங்கே மாட்டுறீங்க மாமா?” என்று கேட்டாள் அவள்.

“வண்டிக்குள்ளேயேதான்மா படுக்க வெச்சிடுறேன்” என்றார் அவர்.

மாமாவுக்கு ஆசை விடவில்லை. “அது டிரெய்லர், நம்மளது கார்தானே” என்று கடைகளில் கிடைக்கும் ரேக் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் வகை, பின்கதவில் வாரால் இழுத்துக் கட்டுவது. விலை குறைவு, கழற்றி மாட்ட எளிது. இதில் சைக்கிள் அதன் மேல்குழாயால் இரண்டு கைகளில் தொங்கும். பிரச்சினையே அங்கேதான். பெண்கள் சைக்கிளுக்கு மேல்குழாய் கிடையாது, வளைந்து கீழே இறங்கிவிடும். தொங்கவிட வேண்டுமானால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே தனியாக ஒரு கம்பி வாங்கிப் பொருத்த வேண்டும். அடுத்தது எடை. இந்த ரேக்குகளில் பல, சைக்கிள் ஒன்றுக்குச் சுமார் 15 கிலோ என்ற கணக்கில் செய்யப்பட்டவை. கேரியர், மட்கார்டு, செயின் கவர், கூடை, ஸ்டாண்டு எல்லாம் வைத்த நம்ம ஊர் சைக்கிள் இருபது கிலோவைத் தொடும். போதாக்குறைக்கு மாமா காரின் பின்கதவு மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கிறது. வாரின் கொக்கி அதில்தான் மாட்டும். இருபது கிலோவைப் பிளாஸ்டிக்கில் தொங்கவிட்டு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றினால் என்ன ஆகும்?

இரண்டாவது, கூரைமேல் வைப்பது. நம்பர் பிளேட்டும் மறையாது, பின்விளக்கும் மறையாது. ஆனால் இருபது கிலோவைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டும். கார் கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பார்க்க வேண்டும், ரேக்கின் எடையும் அதில் சேர்த்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே சைக்கிள் நிற்கிறது என்ற நினைவு ஓட்டுபவருக்குக் கடைசிவரை இருக்க வேண்டும். ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக் கம்பிக்கு அந்த நினைவு கிடையாது.

மூன்றாவது, மேடை மாதிரி நீட்டிக்கொண்டு இருப்பது. சைக்கிள் அதில் சக்கரத்தில் நிற்கும், எந்த வடிவ சைக்கிளானாலும் சரி. மூன்றில் உறுதியானது இதுதான். ஆனால் அதை மாட்ட காரின் அடிச்சட்டத்தில் இழுவைக் கொக்கி இருக்க வேண்டும். இங்கே விற்கும் சாதாரணக் கார்களில் அது வருவதில்லை. சைக்கிள் கொண்டுபோகக் காரின் அடியில் கொக்கி அடிப்பதா? அக்காவே தம்பியை முறைத்தாள். “டேய், சைக்கிளுக்குச் செலவு பண்றியா, காருக்கா?”

மூன்றாம் நாள் சாயங்காலம், செயினுக்கு எண்ணெய் விட்டு நட்டுகளை இறுக்க சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெரியவர் தமிழில் பாதி, தெலுங்கில் பாதி பேசுகிறவர். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்த ஊர்தானே, இங்கே அது சகஜம். மாமா ரேக் விவகாரத்தைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார்.

“பஸ்ஸு மேல கேரியர் இருந்த காலத்துல எத்தனை சைக்கிள் கட்டியிருப்பேன் தெரியுமா தம்பி! ஏணியில தோள்மேல தூக்கிட்டு ஏறுவேன். கயிறு கட்டினா நல்லா இறுகியிருக்கான்னு எல்லாரும் இழுத்துப் பார்ப்பாங்க. இழுத்துப் பார்க்கக் கூடாது. சைக்கிளைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்கணும். ஆடிச்சுன்னா அந்தக் கயிறு பத்து மைல்ல தளர்ந்துடும்.”

பிறகு அவராகவே சொன்னார். ஒருமுறை, கட்டினது இவர் இல்லை, வேறு யாரோ. கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது மேலே இருந்த சைக்கிள் கழன்று ரோட்டில் விழுந்தது. பின்னால் மொபெட்டில் வந்தவர் அதன்மேல் ஏறி விழுந்தார்.

“சைக்கிளுக்கு ஹேண்டில் மட்டும்தான் கோணிச்சு. அந்தாளுக்கு ஒரு கால் போச்சு. பஸ்ஸுக்காரனுக்கு விஷயமே தெரியாது, போய்ட்டான்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூன்று நாளாக சைக்கிளுக்குக் கீறல் விழுமா, காருக்குக் கீறல் விழுமா என்றுதான் பேசியிருந்தார்கள். பின்னால் வருகிறவரைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அதுவும் அது எந்த ரோடு? ஆடிக் கிருத்திகை சமயத்தில் மஞ்சள் துணியும் காவடியுமாக இரவெல்லாம் ஜனங்கள் ஓரத்தில் நடந்து வரும் ரோடு. பின்விளக்கை மறைத்துக்கொண்டு ஒரு கார் போனால், அது பிரேக் போடுவது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு எப்படித் தெரியும்? நம்பர் பிளேட் பின்னாலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அபராதம் அப்புறம். ஹேண்டில்பாரோ பெடலோ காரின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், ஒட்டி முந்துகிறவரின் முழங்கையில் அது படும்.

மாமா ரேக் ஆசையை அன்றைக்கு ஒத்திவைத்தார். கைவிட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது :-) பெரியவரிடமே உட்கார்ந்து விவரம் கேட்டுக்கொண்டார். என்றைக்காவது ரேக்கில் கட்டினால் முன்சக்கரத்தைத் திரும்பாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கூடை, காற்றடிக்கும் பம்பு, பூட்டு என்று கழன்று விழக்கூடிய எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். உரசும் இடத்தில் பழைய டியூபை நறுக்கிச் சுற்ற வேண்டும். டயர் சைலன்சர் வாய்க்கு நேராகத் தொங்கக் கூடாது, சூட்டில் வெந்துவிடும். எது எப்படியானாலும் புறப்பட்ட பத்தாவது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, இறங்கி, ஆட்டிப் பார்க்க வேண்டும்.

அப்போ இந்த சைக்கிள்? சின்ன மாமா வழிதான். பெரியவர் ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டைத் தளர்த்தி முன்சக்கரத்தைக் கழற்றினார். பெடல் இரண்டையும் கழற்றினார். இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஹேண்டில்பாரைத் தளர்த்தி சட்டத்தோடு இணையாகத் திருப்பினார். காரின் பின்சீட்டை மடக்கி, பழைய போர்வை ஒன்றை விரித்து, செயின் மேல்பக்கமாக இருக்கும்படி சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது. பிரேக் போட்டால் முன்னால் பாயாமல் இருக்க முன்சீட்டின் கால்களோடு ஒரு கட்டு. செலவு, பெரியவரின் கூலி மட்டும். அதையும் அவர் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அம்மா வற்புறுத்தியபிறகு பாதி வாங்கிக்கொண்டார்.

ஆனால் காரில் இடம் போய்விட்டது. மாமாவும் அவளும் மட்டும் முன்சீட்டில். அம்மா பெட்டியோடும் ஊறுகாய் ஜாடியோடும் லோக்கல் ரயிலில் தனியாக வந்தாள். “என் இடத்துல சைக்கிள் படுத்துக்கிட்டு வருது” என்று ஆவடி ஸ்டேஷனில் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை.

அறை வாசலில் சைக்கிளை இறக்கி, அவளே சக்கரத்தைப் பூட்டினாள். ரேக்குக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து மாமா ஒரு நல்ல பூட்டும், பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கும் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் முதல் அவள் சைக்கிளில்தான் கல்லூரிக்குப் போகிறாள். இனி காருக்குப் பின்னால் வரும் ஆள் அவளேதான்.

ரேக் வாங்குவதே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. வாரா வாரம் இரண்டு மூன்று சைக்கிளோடு வெளியே போகிறவர்களுக்கு அது தேவைதான். வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தால் போதும்: உங்கள் சைக்கிளின் எடையும் வடிவமும் அதற்கு ஒத்துவருமா, அதை மாட்டும் இடம் உலோகமா பிளாஸ்டிக்கா, கட்டி முடித்த பிறகு விளக்கும் நம்பரும் தெரிகிறதா. முதல் இரண்டையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவதற்கு, வண்டி எடுக்கும் முன் பத்தடி பின்னால் போய் நின்று, வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்.