ஐந்து துளைகளோடு ஐம்பது ஆண்டு

பழைய மொரிஸ் மைனரின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பட்டறை மேசையில் வைத்து, மேனிஃபோல்டு வந்து உட்காரும் பக்கத்தைப் பார்த்தால் ஐந்து துளைகள் இருக்கும். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, துளைகள் மட்டும் ஐந்து. இரண்டு வழியாகப் பெட்ரோலும் காற்றும் உள்ளே போகின்றன. மூன்று வழியாகப் புகை வெளியேறுகிறது. 1 மற்றும் 2 என்ற சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே உள்வழி. 3, 4 இரண்டுக்கும் இன்னொன்று. நடுவிலுள்ள 2, 3 இரண்டும் தங்கள் புகையை ஒரே துளையில் கொட்டுகின்றன. புதிதாகத் தொழில் கற்க வரும் பையன் கேட்கும் முதல் கேள்வி, மீதி மூன்று எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

பிஎம்சி ஏ-சீரிஸ் என்று பெயர் பெற்ற இந்த எஞ்சின் குடும்பத்தின் கதையை அந்தக் கேள்வியிலிருந்தே சொல்லிவிடலாம்.

1951 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் ஆஸ்டின் ஏ30 அறிமுகமானது. ஆஸ்டின் தலைவர் லெனார்ட் லார்டுக்கு மொரிஸ் மைனரோடு மல்லுக்கட்ட ஒரு சின்ன கார் வேண்டும். அதற்கான எஞ்சினை எரிக் பேர்ஹாம் வரைந்தார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஏ40இன் 1,200 சிசி எஞ்சின்தான் முன்மாதிரி. அதன் போக்கிலேயே சுருக்கிச் செய்தது இது. 58 மி.மீ. விட்டம், 76 மி.மீ. ஸ்ட்ரோக், 803 சிசி, 28 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங். கேம் ஷாஃப்ட் பிளாக்கின் வயிற்றில் ஒரு பக்கமாகக் கிடக்கிறது. அங்கிருந்து எட்டு புஷ் ராடுகள் ஹெட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகின்றன. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் கேம் இருக்கும் அதே பக்கம். டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்பார்க் பிளக், டைனமோ எல்லாம் எதிர்ப்பக்கம். சூடும் பெட்ரோலும் ஒருபுறம், மின்சாரம் மறுபுறம். பழுதுபார்க்கக் கை விடுபவனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

வசதிக்கு விலையும் இருந்தது. புஷ் ராடுகள் ஏறிப்போகும் அதே சுவரில்தான் காற்றும் புகையும் நுழைந்து வெளியேற வேண்டும். எட்டு ராடுகளுக்கு இடம் விட்டபின் எட்டுத் துளைகளுக்கு அங்கே இடமில்லை. பக்கத்துப் பக்கத்து வால்வுகளைக் கூட்டுக் குடித்தனம் வைத்தால்தான் அடங்கும். அதனால் வந்ததுதான் ஐந்து.

எரிகலத்தின் வடிவம் ஹாரி வெஸ்லேக்குடையது. ஹெட்டைத் திருப்பிப் போட்டால் இதய வடிவில் ஒரு குழி. இரண்டு வால்வுக்கும் நடுவே மூக்குபோல ஒரு மேடு. உள்ளே வரும் கலவையைச் சுழலச் செய்வதும், சூடேறிய எக்ஸாஸ்ட் வால்வின் மேல் அது நேராகப் போய் மோதாமல் தடுப்பதும் அந்த மூக்கின் வேலை. பின்னாளில் ஹெட்டைக் குடைந்து சக்தி ஏற்றியவர்கள் பலர் அந்த மேட்டைத்தான் முதலில் தேய்த்தார்கள். எவ்வளவு தேய்க்கலாம், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதை வைத்தே ஒரு பட்டறையின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

கூட்டுக் குடித்தனத்தின் சிக்கல் இனிமேல்தான். இந்த எஞ்சின் எரியும் வரிசை 1-3-4-2. மூன்றாவது சிலிண்டர் இழுத்து முடிக்கும் தறுவாயில் நான்காவது இழுக்கத் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரே துளை. மறுமுனையில் இரண்டாவது முடிக்கும்போது முதலாவது ஆரம்பிக்கிறது. அங்கும் ஒரே துளை. ஒரு சுற்றுக்குள் அடுத்தடுத்து இரண்டு இழுப்பு, பிறகு கிட்டத்தட்ட இன்னொரு சுற்றுக்கு அந்தத் துளையில் சந்தடியே இல்லை. முதலில் இழுப்பவன் தேங்கி நின்ற காற்றைத் தள்ளி நகர்த்த வேண்டும். அடுத்தவனுக்கோ ஏற்கெனவே ஓடிவரும் காற்று கிடைக்கிறது, முன்னவனுக்கு வரவேண்டிய கடைசி மிடறும் கொஞ்சம் சேர்ந்து போகிறது. ஆகவே ஓரச் சிலிண்டர்கள் இரண்டும் நடுச் சிலிண்டர்கள் இரண்டும் ஒரே உணவை உண்பதில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தால், 1, 4 ஒரு நிறத்திலும் 2, 3 இன்னொரு நிறத்திலும் இருப்பதைப் பார்க்கலாம். கார்பரேட்டரைத் திருகித் திருகி நான்கையும் ஒரே நிறமாக்கப் பார்ப்பது வீண் வேலை. இரண்டு ஜோடிக்கும் நடுவே ஒரு சமரசத்தைக் கண்டு நிறுத்துவதற்குப் பெயர்தான் டியூனிங்.

எக்ஸாஸ்டில் அந்தத் தகராறு இல்லை. 2, 3 இரண்டும் ஒரு முழுச் சுற்று இடைவெளி விட்டே புகை விடுகின்றன. ஒன்றின் மூச்சு மற்றதன் மேல் படுவதில்லை. ஆனால் சூடு? ஓரத் துளைகளைப்போல இரு மடங்கு வெப்பம் நடுத் துளையில் இறங்குகிறது. அதனால் விரிசல் தேடும் மெக்கானிக் நடு வால்வு சீட்டுகளுக்கு இடைப்பட்ட இரும்பைத்தான் முதலில் துடைத்துப் பார்ப்பார்.

1952இல் ஆஸ்டினும் மொரிஸும் இணைந்து பிஎம்சி ஆனதும், போட்டிக்காகச் செய்த எஞ்சின் போட்டியாளனின் காருக்குள்ளேயே ஏறியது. பழைய சைடு வால்வு எஞ்சினைக் கழற்றிவிட்டு மைனருக்கு 803 சிசியைப் பூட்டினார்கள். அதிலிருந்து ஆரம்பித்தது வளர்ச்சி. 1956இல் விட்டத்தை 62.9 மி.மீ.க்குப் பெருக்கி 948 சிசி. பிளாக்கின் நீளத்தைக் கூட்டாமல் விட்டத்தைக் கூட்டினால் சிலிண்டர் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1, 2 நடுவிலும் 3, 4 நடுவிலும் தண்ணீர் ஓடும் சந்து அடைபட்டது. அடைபட்டும் எஞ்சின் கெடவில்லை. சொல்லப்போனால் இந்தக் குடும்பத்திலேயே இழைந்து ஓடுவது 948தான் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1962இல் ஸ்ட்ரோக்கை 83.7 மி.மீ.க்கு நீட்டிச் செய்த 1,098 சிசி, கீழ்ச் சுற்றில் நன்றாக இழுத்தாலும், விரட்டினால் அதன் கிராங்க் வளைந்து கொடுப்பது காலடியிலேயே தெரியும்.

இடையில் மினி வந்தது. அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியில் சம்புக்குள்ளேயே திணித்தார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். சோதனை வண்டி 948 சிசியோடு மணிக்கு 90 மைலைத் தாண்டிப் போனது. அவ்வளவு வேகம் அந்தச் சின்ன காருக்கு ஆகாது என்று ஸ்ட்ரோக்கை 68.3 மி.மீ.க்குக் குறைத்து 848 சிசி ஆக்கினார்கள். சக்தியைக் குறைப்பதும் எஞ்சின் வளர்ச்சியில் சேர்த்திதான். விளம்பரத்தில் அதைப் போட மாட்டார்கள். முதலில் கார்பரேட்டர் முன்பக்கம் இருந்தது. குளிரில் அது உறைந்ததும், கியர்பாக்ஸின் சிங்க்ரோமெஷ் தேய்ந்ததும் காரணமாகச் சொல்லப்பட, முழு எஞ்சினையும் அப்படியே திருப்பி வைத்தார்கள். சுழலும் திசை மாறாதிருக்க நடுவே ஒரு பல்சக்கரம் கூடுதலாக வந்தது. 1951இல் சூட்டிலிருந்து காப்பாற்றிப் பத்திரமாக ஒதுக்கி வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது நேராக கிரில்லைப் பார்த்து நின்றது. மழை பெய்தால் 1959ஆம் ஆண்டு மினி நடுத்தெருவில் நின்றதற்கு அதுதான் காரணம்.

பந்தயக்காரர்களின் கை பட்ட பிறகுதான் இந்தப் பிளாக்கில் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. பந்தயக் கார்கள் செய்த ஜான் கூப்பர் இன்னும் சக்தி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டவுன்டன் எஞ்சினியரிங் பட்டறையின் டேனியல் ரிச்மண்ட் ஹெட்டுகளைக் குடைந்து காட்டினார். ஃபார்முலா ஜூனியர் பந்தயத்துக்கு உழைத்த அனுபவம் வந்து சேர்ந்தது. 1963இல் மினி கூப்பர் எஸ் வெளியானபோது சிலிண்டர் விட்டம் 70.6 மி.மீ. நான்கையும் சேர்த்தால், 803ஐவிட 50 மி.மீ.க்கு மேல் அதிகம். ஆலையின் இயந்திரங்கள் பழைய அளவுக்கு நிறுவப்பட்டவை. பிளாக்கை நீட்ட வழியில்லை. ஓரச் சிலிண்டர்களை இன்னும் ஓரத்துக்கும் நடுச் சிலிண்டர்களை ஒன்றையொன்று நோக்கியும் நகர்த்தி அந்த நீளத்துக்குள்ளேயே அடக்கினார்கள். கிராங்க், நைட்ரைடு செய்த உருக்கு. 1,071 சிசி எஞ்சினோடு பேடி ஹாப்கிர்க் 1964ஆம் ஆண்டு மான்டி கார்லோ ராலியை வென்றார். அதே ஆண்டு வந்த 1,275 சிசி 76 குதிரைத்திறன் கொடுத்தது. ஐந்து துளை அப்போதும் ஐந்துதான்.

இந்த எஞ்சினோடு வாழ்ந்தவர்களிடம் அதன் சத்தங்களுக்குத் தனி அகராதியே இருக்கும். டேப்பட் தட்டுவது வேறு, டைமிங் செயின் சலசலப்பது வேறு, மினியின் இடைச்சக்கரம் முனகுவது வேறு. டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 12 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. சரிசெய்யப் புத்தகம் தேவையில்லை, கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அவ்வளவுதான். எட்டாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார்; ஆறு திறந்திருந்தால் மூன்று; நான்குக்கு ஐந்து. ஃபீலர் கேஜ் தகடு உருவும்போது லேசாகப் பிடித்துவிட வேண்டும், கவ்வக் கூடாது. சின்ன பிளாக்குகளில் மேனிஃபோல்டுக்கு அடியில் இரண்டு டேப்பட் மூடிகள் உண்டு. அவற்றின் கேஸ்கட்டில் எண்ணெய் கசியும். பின்னாளைய 1,275இல் மூடிகளையே எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை வார்த்து அடைத்தார்கள். பிளாக் விறைப்பானது, கசிவும் போனது. பதிலுக்கு டேப்பட்டுகளை மாற்ற வேண்டுமானால் எஞ்சினை இறக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, அடிவழியாகப் போட வேண்டும். வரைபட மேசையில் மிச்சமான செலவைப் பட்டறைக்காரன் தோள் சுமந்தது. மைனரின் கிராங்குக்குப் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பித் தள்ளும் ஒரு திருகுமரை மட்டும்தான். கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். சொட்டவேயில்லை என்றால் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த எஞ்சினை வரைந்தவர் கனவிலும் நினைத்திராத சோதனை ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் வராமல் நின்றபோது, அங்கே ஓடிக்கொண்டிருந்தவை மொரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40 வகைகளுமாகிய கிழட்டு ஆங்கிலேயக் கார்கள். கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நவீன எஞ்சினில் இது நடக்காது. மண்ணெண்ணெய் அதிக அழுத்தம் தாங்காது, நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். 803 போன்ற எஞ்சின்களின் அழுத்த விகிதமோ ஏழு சொச்சம்தான். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். இன்லெட் மேனிஃபோல்டு எக்ஸாஸ்டின் மேலேயே ஒட்டி உட்கார்ந்திருப்பதால் சூட்டுக்குக் குறைவில்லை. இரண்டையும் ஒரே பக்கம் வைத்தது பந்தயக்காரனுக்குத் தலைவலி. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குக் கைகொடுத்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி சம்புக்குள் இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும், சைலன்சரில் வெண்புகை கிளம்பும். ஆனாலும் வண்டி ஓடியது.

ஆஸ்டினின் லாங்பிரிட்ஜ் ஆலையில் இதற்கிடையே இந்த எஞ்சினை ஓய்வுபெறச் செய்ய முயன்றுகொண்டே இருந்தார்கள். இசிகோனிஸே 1960களின் கடைசியில் 9எக்ஸ் என்ற பெயரில் புத்தம் புதிய எஞ்சின் ஒன்றைச் செய்தார். லேலண்ட் நிறுவனத்தோடு பிஎம்சி இணைந்த பின் அது அலமாரிக்குப் போயிற்று. 1970களில் இதே பிளாக்கின்மேல் ஓவர்ஹெட் கேம் வைத்தும் சோதித்தார்கள். செலவுக்கேற்ற பலன் கிடைக்கவில்லை. கடைசியில் 3 கோடி பவுண்டு செலவிட்டுப் பிளாக்கையும் கிராங்கையும் சீல்களையும் திருத்தி, ஏ-பிளஸ் என்று பெயரிட்டு 1980இல் மெட்ரோ காரில் வைத்தார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று அன்றைய பத்திரிகைகளில் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் கையில் இருந்த பணத்தில் புது எஞ்சின் பாதியில் நின்றிருக்கும் என்பதே சரியான கணக்காகத் தோன்றுகிறது. 1982இல் டர்போ ஏற்றி 93 குதிரைத்திறன் எடுத்தபோதுகூட, எஞ்சின் தாங்கியது. அடியிலிருந்த கியர்பாக்ஸ் தாங்காது என்பதற்காகத்தான் கீழ்ச் சுற்றில் டர்போ அழுத்தத்தை அடக்கி வைத்தார்கள்.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபோது பழைய கூட்டுக் குடித்தனம் மீண்டும் வழக்குக்கு வந்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு நான்கு சிலிண்டரும் சமமாக எரிந்தாக வேண்டும்; பாதிக்குக் கூடுதல், பாதிக்குக் குறைவு என்பதை அது ஏற்காது. முதலில் ஒற்றை இன்ஜெக்டர். 1996இல் இரண்டு, ஒரு துளைக்கு ஒன்று. எந்தச் சிலிண்டர் எப்போது இழுக்கிறது என்று கணினி பார்த்துப் பீய்ச்சியது. 2000 அக்டோபரில் கடைசிப் பழைய மினி ஆலையை விட்டு வெளியேறும்வரை அப்படித்தான். மொத்தம் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட எஞ்சின்கள்.

ஆர்வலர்கள் அதோடு விடவில்லை. பிஎம்டபிள்யூவின் கே1100 மோட்டார் சைக்கிளில் சிலிண்டர் விட்டம் 70.5 மி.மீ.; 1,275இல் 70.6. கிட்டத்தட்ட அச்சில் வார்த்த ஒற்றுமை. அந்தப் பதினாறு வால்வு ஹெட்டை எடுத்து ஏ-சீரிஸ் பிளாக்கின்மேல் உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் சொந்த வழி கிடைத்துவிடுகிறது. புஷ் ராடு துளைகளை அடைத்து, தண்ணீர் வழிகளை மாற்றி, முன்னால் ஒரு பெல்ட் ஓட்டுகிறார்கள். பேர்ஹாமின் கேம் ஷாஃப்டை மட்டும் வெளியே எடுக்க முடியாது. ஆயில் பம்ப் அதன் வால்முனையில் மாட்டியிருக்கிறது. ஆகவே அதன் மேடுகளையெல்லாம் வழவழப்பாகத் தேய்த்துவிட்டு, வெறும் தண்டாகத் திரும்பப் போடுகிறார்கள்.